வாழையிலையில் கட்டிய மீன் சாண்ட்விச்

பதினொரு மணிக்கு ஜீப் வந்துவிடும். இப்போது மணி எட்டரை.

"எண்ணெயில ஒரு சிட்டிகை ரஸ்க் தூளப் போட்டுப் பாரு தாயி. உடனே மேல வந்துச்சா?"

"வந்துருச்சுங்க மாமா."

"அப்ப மீன எறக்கு. தொப்புன்னு போடாத. உனக்கு அங்கிட்டு சாயுற மாதிரிப் படுக்கப் போடு. தெறிச்சாலும் சுவத்துல தெறிக்கும்."

மொக்கையன் அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மருமகள் கமலாத்தாள் செய்துகொண்டிருந்தாள். அவருடைய வலது கை கம்பளிக்குள் இருந்தது. மூன்று வாரமாக அங்கேதான் இருக்கிறது.

ஒரு காலையில் காபி டம்ளர் கையை விட்டு நழுவியது. அதிலிருந்து விரல்கள் அவர் பேச்சைக் கேட்பதில்லை. கத்தியைப் பிடித்தால் நடுங்கின, கரண்டியைப் பிடித்தால் விட்டுவிட்டன. போகப் போகச் சரியாகும் என்று கம்பவுண்டர் சொன்னார். சரியாகவில்லை.

பங்களா சமையல்காரனுக்குக் கை போனால் வேலை போகும். வேலை போனால் தேயிலைத் தோட்டம் கொடுத்த லயத்து வீடு போகும். மனைவி ராமுத்தாயின் பெயரைக் கொழுந்து எடுக்கும் ஆட்களின் செக்ரோல் பேரேட்டிலிருந்து வெட்டி நான்கு வருஷம் ஆகிறது. மகன் பெரியமுத்து பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் வேலை பார்த்த ஆலையைப் பூட்டி ஆறு மாதம். ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை ஏற்ற ஆள் வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு அவன் உடும்பஞ்சோலைக்குக் கிளம்பிப் போய் இன்றோடு ஐந்து நாள். மொக்கையனின் கை ஒன்றுதான் இந்த வீட்டைத் தாங்கி நின்றது.

நல்ல காலம், பங்களா அடுப்பின் புகைக்கூண்டு விரிசல் விட்டுக் கொத்தனார்கள் வந்து உட்கார்ந்தார்கள். மேனேஜர் துரை குடும்பத்தோடு கொச்சிக்குப் போய்விட்டார். அதனால் மூன்று வாரம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

நேற்று மாலை துரை திரும்பி வந்தார். கூடவே கம்பெனியின் பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். ராத்திரி சாப்பாடு கிளப்பில் என்று ஆனதில் ஒரு வேளை தப்பித்தது. ஆனால் லயத்துக்குச் சேதி வந்தது.

'நாளை மத்தியானம் மாட்டுப்பட்டி அணைக்கட்டில் பிக்னிக். நாலு வருஷத்துக்கு முன்னால் மொக்கையன் போட்ட மீன் சாண்ட்விச்சைப் பெரியவர் இன்னும் மறக்கவில்லை. அதே மாதிரி மொறுமொறுவென்று வேண்டும். பங்களா அடுப்பில் பூச்சு இன்னும் காயவில்லை. வீட்டிலேயே செய்து, நீயே எடுத்து வந்து பரிமாறு.'

ராமுத்தாய்தான் வழி சொன்னாள். "இவ செய்யட்டும். நீங்க சொல்லிக் குடுங்க. எல்லாத்தையும் இங்கயே அடுக்கிக் கட்டிட்டா, அங்க போயி எடுத்து நீட்டுறதுதான வேல? எடது கையால நீட்டுனா யாரு கேக்கப் போறா?"

அணைக்கட்டு வாட்சர் யாக்கோபு விடியற்காலையில் இரண்டு கெண்டை கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று துரைக்கு. இன்னொன்று ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு என்று ராமுத்தாய் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கமலாத்தாளுக்கு மீன் பழக்கமில்லை. பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலைக் காட்டுக்கும் பருத்திக்கும் நடுவே வளர்ந்தவள் அவள். ஆடும் கோழியும் ஆக்குவாள். மீன் என்பது வாய்க்கால் வற்றும்போது வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பது.

"பருத்தி எடுத்த கைடி அது. மீன் முள்ளு பருத்தி மாதிரி பிடுங்குனா வந்துருமா?" என்று ராமுத்தாய் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"பருத்திக்கும் முள்ளு இருக்குதுங்க அத்தை. காஞ்ச காய் குத்துனா ரெண்டு நாளைக்கு வலிக்கும்."

"பேச்சுக்கு மட்டும் கொறச்சலில்ல."

ஆனால் முள் வந்தது. வால் பக்கத்திலிருந்து விரலால் தடவி, தட்டுப்பட்ட இடத்தில் இடுக்கியால் பிடித்து, தலைப்பக்கமாகச் சாய்த்து இழுத்தாள். மீனை ரொட்டி அகலத்துக்குத் துண்டு போட்டு, எலுமிச்சை, மிளகு, கடுகுப்பொடி, உப்பு தடவி ஊறவைத்தாள். மைதாவில் புரட்டி, முட்டையில் முக்கி, ரஸ்க் தூளில் உருட்டினாள். ரொட்டியில் தடவும் மயனேஸுக்கு முட்டை மஞ்சள் கருவை மத்தால் கடையச் சொன்னார் மாமனார். கடையக் கடைய எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழவேண்டும்.

"எங்க ஊட்டுல ஒரு பானை மோரே கடைஞ்சிரலாமுங்க மாமா, இதக் கடையற நேரத்துக்கு."

"நிறுத்துனா திரிஞ்சு போகும். பேசிக்கிட்டே கடை."

முதல் துண்டு பொன் நிறத்தில் வெளியே வந்தது. மொக்கையன் இடது கையால் வாங்கிக் கடித்தார். அந்தச் சத்தம் அடுப்படி முழுக்கக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மூன்று வாரத்தில் முதல்முறையாக அவர் முகம் இளகியது.

"போதும் தாயி. இனி நான் போயிக் குளிக்கிறேன்" என்று எழுந்து போனார்.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது.

பன்னிரண்டு சாண்ட்விச் முடிந்ததும், கமலாத்தாள் யாரும் சொல்லாமலே ஒரு காரியம் செய்தாள். அடிமாலியிலிருந்து சந்தைக்கு வந்த வாழையிலையில் ஒரு சுருள் வீட்டில் இருந்தது. அதை அனலில் வாட்டினாள். சூடு ஆறுவதற்குள் இரண்டிரண்டாக வைத்து மடித்து, வாழைநாரால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டினாள். ஆறு பொட்டலங்களையும் துணியில் சுற்றி, தூக்குப்போசியில் அடுக்கி மூடினாள்.

பன்னிரண்டு வயசிலிருந்து அப்பா செங்கோட்டையனுக்குத் தோட்டத்துக்கு அப்படித்தான் கட்டி அனுப்பினாள். கட்டை அவிழ்த்தால் ஆவி பறக்க வேண்டும். ஆறிப்போயிருந்தால் அப்பா பொட்டலத்தை நகர்த்தி வைத்துவிடுவார்.

அந்த அப்பா இப்போது பேசுவதில்லை. ஒரு சென்ட் நிலமில்லாத ஆலைக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று, "இந்த ஊட்டு வாசல மிதிக்காதே" என்றவர்தான். பதினாலு மாதமாக ஒரு கார்டுகூட இல்லை.

குளித்துவிட்டு, பங்களாவுக்குப் போட்டுப் போகும் கோட்டை மாட்டிக்கொண்டு மொக்கையன் வந்தார். "எங்க தாயி, அடுக்கிட்டியா?"

கமலாத்தாள் பெருமையாகப் போசியைத் திறந்து காட்டினாள்.

"எலையிலயா கட்டுன?"

"ஆமாங்க மாமா. சூடு ஆறவே ஆறாது. பொழுது எறங்குற வரைக்கும் இருக்கும்."

அவர் ஒன்றை எடுத்து, நாரைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். ஆவி வந்தது. உள்ளே ரொட்டி ஈரத்துணி போலத் தொய்ந்து கிடந்தது. மீனைத் தூக்கினார். ரஸ்க் தோல் தனியாகக் கழன்று இலையிலேயே தங்கிவிட்டது.

கமலாத்தாள் அந்தத் தோலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தோட்டத்துக்குக் கட்டறாப்புல கட்டிட்டனுங்க. ஆறிரக் கூடாதுன்னு... எனக்குத் தெரியலீங்களே மாமா."

ராமுத்தாய் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னத்தடி பண்ணித் தொலைச்ச?"

"அவள ஏதும் சொல்லாத" என்றார் மொக்கையன். குரல் தாழ்ந்திருந்தது. "எம்மேலதான் தப்பு. இருபத்திரெண்டு வருசமா வாணலியில இருந்து தட்டு, தட்டுல இருந்து மேசை. இத நான் எங்கயும் கட்டித் தூக்கிட்டுப் போனதே இல்ல. எப்படிக் கட்டணும்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சாத்தான சொல்லிக் குடுப்பேன்."

மணி ஒன்பதே முக்கால்.

மலையில் காலை மூடுபனி எட்டிப்பார்க்காத வீடு இல்லை. காயப்போட்ட அப்பளம் அரை மணியில் தளர்ந்துவிடும் ஊர் இது. இங்கிருந்து அணைக்கட்டுக்கு மறுபடி எதைக் கொண்டுபோய், எப்படி மொறுமொறுவென்று நீட்டுவது?

ராமுத்தாய் உள்ளே போனாள். குழம்பு மீனைக் கொண்டுவந்து பலகையில் போட்டாள்.

"இந்தா. ஒரு நாளைக்குக் கொழம்பு இல்லாட்டி யாரும் செத்துப் போயிர மாட்டோம். ரொட்டி இன்னொண்ணு இருக்கு. முள்ள எடு."

"ரஸ்க் தீந்துபோச்சுங்க அத்தை. கடைக்குப் போயிட்டு வர நேரமில்ல."

ராமுத்தாய் ரஸ்க் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.

"மாமா..." கமலாத்தாள் தயங்கினாள். "எங்க ஊட்டுல நோம்பிக்கு உருண்டை புடிக்கறக்குப் பச்சரிசிய வறுத்து ஒண்ணு ரெண்டா இடிப்போமுங்க. அது நாலு நாளானாலும் நமுத்துப் போகாதுங்க. அதுல பொரட்டிப் பாக்கலாங்களா?"

மொக்கையன் யோசித்தார். துரைமார் சமையலில் அப்படி ஒரு கணக்கு கிடையாது.

"ஒரு துண்டு போட்டுப் பாரு."

அரிசி சிவக்க வறுபட்டது. உரலில் நாலு குத்து. ரவையாக உடைந்த அரிசியை முட்டை தோய்த்த மீன்மேல் அப்பிப் பொரித்தாள். மொக்கையன் கடித்தார். ரஸ்க்கின் சத்தம் மெதுவானது. இது பல்லுக்குள் பேசியது. ஒரு துண்டை வாசலில், பனியில், கால் மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி கடித்தார். அப்போதும் பேசியது.

"இது பனியத் தாங்கும்" என்றார். "ஆனா ஆறிப் போகும். மூடுனா வேர்க்கும். மூடாட்டி ஆறும்."

ராமுத்தாய் இடுப்பில் கைவைத்து நின்றாள். "பெரியமுத்து பொறந்தது ஆடி மழையில. அவன் துணியெல்லாம் நான் எதுல காயவச்சேன்? கணப்புச் சட்டியில தணல் போட்டு, மேல கூடையக் கவுத்து, கூடைமேல துணி. சுடவும் சுடாது, வேர்க்கவும் வேர்க்காது. கூடைமேல மீன அடுக்கிக் கொண்டு போங்க."

மொக்கையன் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "குழந்தத் துணி காயவச்ச கூடையிலயா துரைக்கு?"

"வேற கூடைதான்யா! இது போன மாசம் வாங்குனது!"

கமலாத்தாள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

பத்தே முக்காலுக்கு மீன் தயார். ரொட்டி தனியாக, மயனேஸ் தனியாக, வினிகரில் ஊறிய வெங்காயமும் மெலிதாக அரிந்த முட்டைக்கோசும் தனியாக. எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மொக்கையனுக்கு உறைத்தது.

"அங்க போயி ரொட்டி வெட்டணும். தடவணும். அடுக்கணும்" என்றார். "நீட்டுற வேல மட்டும் இல்ல இப்ப."

கமலாத்தாள் கத்தியைத் துடைத்துக் கூடையோரம் செருகினாள்.

"நானும் வரனுங்க மாமா" என்றாள் கமலாத்தாள். "நான் கத்தியப் புடிக்கறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க."

"துரை கேட்டா?"

வளைவில் ஜீப் ஹாரன் அடித்தது.

*

அணைக்கட்டு நீர் பால்பண்ணைப் புல்மேடு வரைக்கும் ஏறி நின்றது. மரத்தடியில் ஜமுக்காளம். துரையும் துரையம்மாவும், நடுவில் கொச்சியிலிருந்து வந்த பெரியவர். வழுக்கைத் தலை, தொப்பை, குழந்தை மாதிரியான ஆசை முகம்.

"மொக்கையா! நாலு வருஷம் காத்திருந்தேன்டா!"

"வாங்கய்யா, நல்லாயிருக்கீங்களா?" மொக்கையன் இடது கையை மட்டும் உயர்த்தினார். வலது கை கோட்டுப் பைக்குள்.

கமலாத்தாள் குளிருக்குப் போட்ட முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தணலிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்து ரொட்டி வெட்டினாள். ஓரத்தை நீக்கி, தடவி, வெங்காயமும் கோசும் பரப்பி, கூடைமேலிருந்து மீனை எடுத்து வைத்து, மேல்ரொட்டியை அமுக்காமல் மூடினாள். அமுக்கக் கூடாது என்று மாமனார் நூறு தடவை சொல்லியிருந்தார்.

துரை அவளைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையைப் பார்த்தார். இரண்டு வருஷம் முன்பு வெள்ளைத் துரை போன இடத்துக்கு வந்தவர் இவர், கோட்டயத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். பார்ப்பார்.

"மொக்கையா, நீ வெட்டலியோ?"

பெரியவர் கையில் தட்டு ஏறியிருந்தது. அவர் இன்னும் கடிக்கவில்லை.

கமலாத்தாளின் கத்தி ரொட்டியில் பாதியில் நின்றது. மாமனார் ஏதாவது சமாளித்துச் சொல்லுவார், மருமகள் ஆசைப்பட்டாள் என்றோ, விரலில் காயம் என்றோ. அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

மொக்கையன் பையிலிருந்து கையை வெளியே எடுத்தார். அது அவருக்கு முன்னால், யாருடைய கையோ போல, ஆடிக்கொண்டிருந்தது.

"மூணு வாரமாச்சுங்க துரை. இனிமே இது கத்தி பிடிக்காது. காலையில இருந்து ஆக்குனது பூரா என் மருமகதான். நான் வாயால சொன்னேன், அம்புட்டுத்தான். அந்த வறுத்த அரிசிகூட அவ யோசன. ஒளிச்சது தப்பு. பொய்யச் சொல்லிக்கிட்டு உங்க கையில தட்டக் குடுக்க எனக்கு முடியல."

அப்போதுதான் பெரியவர் கடித்தார்.

அந்தச் சத்தத்தில் துரையம்மா திரும்பிப் பார்த்தாள். பெரியவர் மென்றார். இன்னொரு கடி. முழுவதையும் தின்றுவிட்டு, தட்டில் உதிர்ந்த அரிசித் தூளை விரலால் ஒற்றி எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

"நாலு வருஷம் முன்னால தின்னது இவ்வளவு நல்லா இல்லை" என்றார். "இன்னொண்ணு கொண்டா அம்மா."

துரை தன் சாண்ட்விச்சைக் கடித்து, மெதுவாக மென்று, தண்ணீர் குடித்தார்.

"எனக்குக் கோபம் உண்டு மொக்கையா. கை போனதுக்கு இல்லை. ஒளிச்சு வச்சதுக்கு."

"சரிங்க துரை."

"நாளைக்கு ஆஸ்பத்திரியில டாக்டரைப் பாரு. கம்பவுண்டரை இல்லை, டாக்டரை. அது கழிஞ்சு ஆபீஸுக்கு வா. இந்தப் பெண்ணையும் கூட்டிட்டு வா. செக்ரோலில் உன் பேருக்குப் பதில் இவ பேர் எழுதட்டும். உன் ஸ்டூல் கிச்சனில் இருக்கட்டும். நீ அதில் இருந்து இவளுக்குச் சொல்லிக் குடு."

மொக்கையன் இடது கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார்.

"வீடுங்க துரை?" என்று கேட்டது கமலாத்தாள்தான்.

"வேலை உள்ள ஆளுக்கு வீடு உண்டு. அதுதானே சட்டம்?" துரை தட்டை நீட்டினார். "எனக்கும் இன்னொண்ணு."

*

திரும்பும் வழியில் மொக்கையன் ஜீப்பின் பின்சீட்டில் தேம்பித் தேம்பி அழுதார். டிரைவர் காதில் விழாதபடி கமலாத்தாள் காலிப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கிக்கொண்டே வந்தாள்.

லயத்து வளைவில் இறங்கும்போது மணி மூன்றரை. வாசலில் ராமுத்தாய் நின்றிருந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "மகமாயி!" என்று இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்தாள். அடுத்த கணமே கமலாத்தாளின் காதருகே குனிந்தாள்.

"உள்ள போ. உங்கப்பா வந்திருக்காரு. உடுமலைப்பேட்டை பஸ்ஸுல. ஒரு மணியில இருந்து உக்காந்திருக்காரு. தண்ணிகூட வாங்கல."

கமலாத்தாள் கூடையை வாசலிலேயே இறக்கி வைத்தாள்.

"தண்ணிதான் வாங்கல" என்று ராமுத்தாய் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "ஆனா அந்த எலைப் பொட்டலத்தையெல்லாம் நான் மூலையில வச்சிருந்தேன்ல? அது மேலயே கண்ணு. கடைசியில எந்திரிச்சுப் போயி, நாரத் தடவித் தடவிப் பாத்தாரு. இது ஆரு கட்டுனதுன்னு கேட்டாரு. வேற ஆரு, உங்க மகதான்னேன். உக்காந்து ஒண்ண அவுத்தாரு."

கமலாத்தாள் உள்ளே போனாள்.

செங்கோட்டையன் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மஞ்சப் பை. முன்னால் விரித்த வாழையிலை. அதில் ஒரு துளி ரஸ்க் தூள்கூட மிச்சமில்லை.

"வாங்கப்பா" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, உடனே இலையைப் பார்த்துக்கொண்டார். "ஆறிப் போச்சம்மிணி. முன்னயெல்லாம் சூடா இருக்கும்."

"காலைல கட்டுனதுங்கப்பா."

"என்னது இது? ரொட்டிக்குள்ள என்னமோ மெத்து மெத்துன்னு."

"மீனுங்க."

"மீனா?" கொஞ்சம் திகைத்தார். பிறகு தலையாட்டிக்கொண்டார். "பரவால்ல. முள்ளே இல்ல."

கமலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். "என்னயக் கூட்டிட்டுப் போக வந்தீங்களாப்பா? நான் வரலீங்க. இன்னைக்குத்தான் எனக்கு வேலை கெடச்சிருக்குது."

"உன்னயக் கூட்டிட்டுப் போறக்கு ஆரு வந்தா?" செங்கோட்டையன் துண்டால் வாயைத் துடைத்தார். "மாப்பிள்ளை சொன்னாருன்னுதான் வந்தேன்."

மாப்பிள்ளை. பதினாலு மாதத்தில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வருவது இதுதான் முதல்முறை. வாசலில் நின்ற ராமுத்தாயும் மொக்கையனும் உள்ளே நகர்ந்து வந்தார்கள்.

"அவரு உடும்பஞ்சோலைக்கு மூட்டை ஏத்தப் போயிருக்காருங்கப்பா. அஞ்சு நாளாச்சு."

"உடும்பஞ்சோலையா?" செங்கோட்டையன் மகளையும் சம்பந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு நாளு நம்ம ஊட்டுலயல்ல இருந்தாரு! நேத்துக் காலைலதான் கஞ்சிக்கோட்டுல ஒரு ஆளப் பாக்கோணும்னு கெளம்புனாரு. உங்க ஆருகிட்டயும் சொல்லுலயா?"

மொக்கையன் மெல்லச் சுவரோரம் உட்கார்ந்தார்.

"என்னத்துக்குப் போனான் அங்க?" என்றாள் ராமுத்தாய்.

செங்கோட்டையன் மஞ்சப் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "உங்க மகளப் பாக்க வாங்கன்னு கூப்பிடத்தான். மத்தத அவரே வந்து சொல்லட்டும். நாளைக்கு வாரேன்னாரு. அதுவரைக்கும் நான் இங்கதான்."

பிறகு மகளைப் பார்த்து, மெல்ல, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, கேட்டார்.

"அம்மிணி, அந்த நார்க்கட்டுல இன்னொண்ணு இருந்தா அவுத்துக் குடு. முதல்ல கொஞ்சம் அனல்ல காட்டு."